எந்தத் தலைவரால் ஊராட்சி நடக்கும்?

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தம் ஊரின் தலைவர் பதவிக்கு நிற்க எண்ணியிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "எங்கள் ஊராட்சியில் இரண்டு தலைவர்களைப் பார்த்துவிட்டோம். முதலாமவர் யாரையும் கேட்க மாட்டார். வேலை நடந்தது, ஆனால் வார்டு உறுப்பினர்களோடு ஐந்து ஆண்டும் சண்டை. அடுத்து வந்தவர் எல்லாரையும் கேட்பார், ஒன்றும் நகரவில்லை. இருவரில் யாருடைய வழி சரி?" ஊரக வளர்ச்சித் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களுக்கான பயிற்சி வகுப்புகளிலும் பாடம் எடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அந்த இருவருடைய குணத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதை விட, அவர்கள் அமர்ந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று பார்த்தால் விடைக்கு விரைவில் போய்ச் சேரலாம்.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சித் தலைவருக்குத் தந்திருக்கும் இடம் மிகவும் தனித்தன்மை உடையது. ஊராட்சி ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் அந்தந்த உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள்; கிராம ஊராட்சித் தலைவரையோ ஊர் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவரும் அவரே, ஊராட்சியின் நிர்வாக அதிகாரியும் அவரே. உறுப்பினர்கள் தாமாக வாக்களித்து அவரை இறக்கிவிட முடியாது. மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டு, 205ஆம் பிரிவின்படி விளக்கம் கேட்கப்பட்டு, வட்டாட்சியர் கூட்டம் கூட்டிக் கருத்தறிந்து, அதன் பிறகு ஆட்சியர் முடிவெடுக்க வேண்டும். கேரளத்தில் நிலைமை வேறு. அங்கே கிராமப் பஞ்சாயத்துத் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நீக்கவும் முடியும். துறைவாரியாக அமைந்த நிலைக்குழுக்களின் தலைவர்களுக்கும் தனித்தனிப் பொறுப்புகள் உண்டு. ஆகவே அங்குள்ள தலைவர் நாள்தோறும் உறுப்பினர்களை அரவணைத்துப் போகப் பழகுகிறார். நம்முடைய தலைவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "எனக்கு ஓட்டுப் போட்டது ஊர், நீங்கள் இல்லை" என்று உறுப்பினர்களிடம் சொல்லும் தலைவர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது சட்டப்படி உண்மையும்கூட.

ஆனால் அதே சட்டம் வேறொரு இடத்தில் ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறது. ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்கிறது 188ஆம் பிரிவு. துணைத்தலைவரை உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் தலைவர்மீது கோபம் கொண்டிருந்தால், அந்தக் கோபம் துணைத்தலைவரின் பேனாவில் வந்து நிற்கும். ஓர் ஊராட்சியில் தலைவர் முதல் கூட்டத்திலேயே உறுப்பினர்களை அவமதிக்கும் விதமாகப் பேசிவிட்டார். அடுத்து வந்த மாதங்களில் துணைத்தலைவர் எந்தக் காசோலையிலும் கையொப்பமிடவில்லை. டேங்க் ஆபரேட்டருக்கும் தூய்மைக் காவலர்களுக்கும் சம்பளம் நின்றது. மோட்டார் பழுது பார்த்தவர் தம் பில்லை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார். மின்கட்டணம் சேர்ந்துகொண்டே போனது. தலைவர் சுறுசுறுப்பானவர், நேர்மையானவர், காலை ஐந்தரைக்கே தெருவில் நிற்பவர். அவர் கைச்சுத்தத்தை யாரும் குறை சொன்னதில்லை. இருந்தும் அந்த ஆண்டு அவரால் ஊருக்கு ஒரு தெருவிளக்குகூடப் போட முடியவில்லை. கண்டிப்பான தலைமை நம் ஊராட்சிகளில் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். மக்கள் வெறுப்பதற்கு முன்பே பணம் நின்றுவிடுகிறது.

தலைமைப் பாணியைப் பற்றிய பாடங்களில் எப்போதும் சொல்லப்படும் ஆய்வு ஒன்று உண்டு. 1939இல் உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் சிறுவர் குழுக்களை வைத்து, ஆணையிடும் தலைமை, கலந்து பேசும் தலைமை, தலையிடாமல் விட்டுவிடும் தலைமை என மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஆணையிடும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை தொய்ந்தது. கலந்து பேசும் தலைவரின் குழுவில் அவர் இல்லாதபோதும் வேலை தொடர்ந்தது. பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னால் தலைவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் சிறுவர் குழுவுக்கும் ஊராட்சிக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. வார்டு உறுப்பினர் தலைவருக்குக் கீழே வேலை செய்பவர் அல்லர். அவரும் தம் வார்டு மக்களிடம் வாக்குக் கேட்டு, "உங்கள் தெருவுக்குக் குழாய் கொண்டுவருவேன்" என்று சொல்லி வந்தவர். அவருக்கு ஆணையிடவும் முடியாது, அவரைத் தட்டிக்கொடுத்து ஊக்கப்படுத்தினால் போதும் என்பதும் இல்லை. அவர் கொடுத்த வாக்கில் ஒரு பங்காவது நிறைவேற வழி செய்தால்தான் அவர் தலைவரோடு நிற்பார்.

எனவே ஒரே பாணியை ஐந்து ஆண்டுகளுக்கும் கட்டிக்கொண்டு அழும் தலைவர் எவரும் வெற்றி பெற்று நான் பார்த்ததில்லை. கோடைக்காலத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிட்டது என்றால், கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அன்று மாலைக்குள் மோட்டாரை மேலே தூக்கி, மறுநாள் பொருத்தி, அடுத்த கூட்டத்தில் செலவை முன்வைத்து ஒப்புதல் பெற வேண்டும். அந்த நேரத்தில் ஆணையிடத் தயங்கும் தலைவரை ஊர் மன்னிக்காது. வீட்டு வரி வசூல் வேறு வகை. அதில் தலைவர் முதலில் தம் வீட்டு வரியையும் தம் உறவினர் வீட்டு வரியையும் கட்டி ரசீதைக் காட்டாமல் அடுத்தவர் வாசலில் போய் நிற்க இயலாது. ஓடைப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறையின் அளவீடு கைக்கு வரும்வரை பொறுமை, வந்த பிறகு உறுதி.

பயனாளிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் தலைவரின் உண்மையான பாணி வெளிப்படுகிறது. வீடு கட்டும் திட்டத்தில் இருபது வீடு வந்திருக்கிறது, தகுதியுள்ள குடும்பங்கள் நூற்றுக்கு மேல் என்று வையுங்கள். கண்டிப்பான தலைவர் தாமே பட்டியல் எழுதுவார். மென்மையான தலைவர் உறுப்பினருக்கு இத்தனை வீடு என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார். அது கலந்தாலோசனை போலத் தோன்றும், ஆனால் அதில் குடிசையில் இருக்கும் விதவைக்கு இடம் கிடைப்பது அவர் எந்த உறுப்பினருக்கு வேண்டியவர் என்பதைப் பொறுத்ததாகிவிடும். மூன்றாவது வழி கடினமானது. தகுதியுள்ளோரின் முழுப் பட்டியலையும், எந்த அடிப்படையில் முன்னுரிமை தரப்படுகிறது என்பதையும் கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, சபையில் ஒவ்வொரு பெயராக வாசித்து, எதிர்ப்பைக் கேட்டு, பதில் சொல்லி, தீர்மானப் பதிவேட்டில் எழுத வேண்டும். அன்று ஒரு நாள் முழுதும் வசவு விழும். ஆனால் விடுபட்ட எண்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கும் தாம் ஏன் விடுபட்டோம் என்பது தெரிந்திருக்கும். இப்படிச் செய்த ஊராட்சிகளில், அடுத்தடுத்த ஆண்டுகளில் தலைவர் சொன்னதை ஊர் நம்பியதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் 2022இல் சேர்க்கப்பட்டன. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டியவர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி அந்த எண்ணிக்கையை நிரப்பிவிடும் தலைவர், தம்மிடம் இருக்கும் மிகப் பெரிய பலத்தைத் தாமே தூக்கி எறிகிறார் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பலம் எப்படிப்பட்டது என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் குத்தம்பாக்கம் நல்ல சான்று. வேதிப் பொறியியல் படித்து, மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தில் அறிவியலாளராக இருந்த இரா. இளங்கோ அந்த வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி, 1996இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொழிற்சாலையில் கழிவாகக் கிடந்த கற்களைக் கொண்டு, அலுவலக மதிப்பீட்டை விடக் குறைந்த செலவில் வடிகால் கட்டினார். அங்கீகரிக்கப்பட்ட முறையிலிருந்து மாறியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டார். அவருக்குத் துணையாக நின்றது கிராம சபை; பதவி திரும்பக் கிடைத்தது, 2001இல் மறுபடியும் வென்றார். அரசின் சமத்துவபுரத் திட்டம் வந்தபோது, அங்கே தனித்தனி வீடுகளுக்குப் பதிலாக இரட்டை வீடுகள் கட்டப்பட்டு, ஒன்றில் தலித் குடும்பமும் ஒட்டிய மற்றொன்றில் தலித் அல்லாத குடும்பமும் குடியேறின. பொதுச் சுவரின் இருபுறமும் வாழச் சம்மதிக்கும் குடும்பங்களை எந்த ஆணையாலும் உண்டாக்க முடியாது. பல மாதங்கள் உட்கார்ந்து பேசிய பேச்சின் பலன் அது.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறையின் வழி சற்று வேறானது. 1996 முதல் இரு முறை அங்கே தலைவராக இருந்த ஆர். சண்முகம் கணக்குப் பார்த்து வேலை செய்தவர். குடிநீர் இறைக்கும் மின்கட்டணம் ஊராட்சியின் வருமானத்தைத் தின்றுகொண்டிருந்ததைக் கண்டு, முதலில் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு சுமார் 1.55 கோடி ரூபாயில், ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரிலேயே நிறுவினார்கள். மின்சாரத்தில் மிஞ்சியது மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. ஒரு கிராம ஊராட்சி இவ்வளவு பெரிய கடனில் இறங்குவதற்கு உறுப்பினர்களின் சம்மதம், வங்கியின் நம்பிக்கை, அலுவலகத்தின் ஒப்புதல் ஆகிய மூன்றும் ஒருசேர வேண்டும். அதற்குத் தலைவர் பேச்சாளராக இருப்பதைக் காட்டிலும் ஆண்டுக்கணக்கில் ரொக்கப் புத்தகத்தை ஒழுங்காக வைத்திருப்பது உதவும்.

இனி, தலைமைப் பாணி பற்றிய பாடநூல்கள் போதிய அளவு பேசாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்டிப்பாக இருப்பதா, மென்மையாக இருப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வசதி எல்லாத் தலைவர்களுக்கும் கிடைப்பதில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டு, தலைவராக வென்ற முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தலை நடத்தவே விடவில்லை, அல்லது வென்றவரை உடனே பதவி விலக வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கெல்லாம் முறையாகத் தலைவர்கள் வந்தார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட படம் வெளியாகி, வழக்குப் பதிவாயிற்று. இத்தகைய ஊரில் ஒரு தலைவர் குரலை உயர்த்தினால் "திமிர்" என்பார்கள், தாழ்த்தினால் "தலைமை தாங்கத் தெரியவில்லை" என்பார்கள். அவருடைய செயல்திறனை மற்ற ஊராட்சித் தலைவரோடு ஒரே அளவுகோலால் அளப்பது அநீதி. அங்கே முதலில் செயல்திறன் காட்ட வேண்டியவர்கள் வட்டார வளர்ச்சி அலுவலரும் காவல் துறையும் மாவட்ட ஆட்சியரும்தான். தலைவரின் நாற்காலியில் தலைவர் அமர்வதை உறுதி செய்த பிறகே பாணியைப் பற்றிப் பேச்சு எழ முடியும்.

பெண் தலைவர்கள் பற்றிய கேள்வியும் இதனோடு ஒட்டியதே. 2016 சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கணவரோ மகனோ அலுவலகத்தில் அமர்ந்து நிர்வாகம் செய்யும் ஊராட்சிகள் இன்றும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் பெண்கள் வந்தால் தலைமை பலவீனமாகும் என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்லாது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் இட ஒதுக்கீட்டால் பெண்கள் தலைமைக்கு வந்த ஊராட்சிகளை ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரையில், அங்குள்ள பெண்கள் அதிகம் முறையிட்ட பணிகளுக்கே, குறிப்பாகக் குடிநீருக்கு, அந்தத் தலைவர்கள் கூடுதலாகச் செலவிட்டதைக் கண்டார்கள். என் அனுபவத்திலும், தண்ணீர்க் குழாயடியில் நின்று பழகிய தலைவருக்கு எந்தத் தெருவில் எந்த நேரத்தில் கேட் வால்வைத் திறக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. முதல் ஆண்டு பேசாமல் அமர்ந்திருந்த பெண் தலைவர்கள் மூன்றாம் ஆண்டில் பொறியாளரிடம் மதிப்பீட்டை வரி வரியாக விளக்கச் சொல்லிக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடைப்பட்ட காலத்தில் கையொப்பமிடும் முன் ஒவ்வொரு தாளையும் படித்துக் காட்டச் சொன்னவர்கள்தான் அப்படி வளர்ந்தார்கள்.

ஒரு தலைவரின் செயல்திறனை எப்படி அளப்பது? போட்ட சாலையின் நீளத்தை வைத்து அளப்பது எளிது, ஆனால் சாலை எந்தத் திட்டத்தில் யாருக்கு ஒதுக்கப்படும் என்பது பெரும்பாலும் ஊராட்சிக்கு வெளியே முடிவாகிறது. இதைவிடத் தெளிவான சோதனை ஒன்றைக் காலமே நமக்கு வைத்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, தேர்தல் நடக்காததால் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் தம் ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் பொறுப்பு. முந்தைய தலைவர் எல்லாவற்றையும் தம் தலைக்குள்ளேயே வைத்திருந்த ஊர்களில் எந்தக் குழாய் எங்கே பூமிக்கடியில் போகிறது என்பதுகூடத் தெரியாமல் சாலையைத் தோண்டினார்கள். உறுப்பினர்களையும் மகளிர் குழுக்களையும் வேலையில் சேர்த்துக்கொண்டிருந்த ஊர்களில், பதவி போன பிறகும் அந்த முன்னாள் உறுப்பினர்களே தொட்டி சுத்தம் செய்த நாளைக் குறித்து வைத்தார்கள், குப்பை வண்டி வராவிட்டால் தொலைபேசியில் அழைத்தார்கள். தலைவர் நாற்காலி காலியாக இருந்தும் ஊர் நடந்தது.

கணக்கு ஒப்படைப்பதும் இதில் சேரும். 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், முன்பு வாரியத்தில் (சபையின் குழுவில்) பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்று இருக்கிறது. அது ஒரு பிராமண ஊரின் சபை, அதில் எல்லாரும் பங்கேற்க முடியவில்லை என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் அந்த ஒரு விதியைக் கல்லில் வெட்டியவர்களுக்கு ஊர் நிர்வாகம் எங்கே கெடும் என்று தெரிந்திருந்தது.

தலையிடாமல் விட்டுவிடும் தலைவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய ஊராட்சியை ஊராட்சிச் செயலரும் ஒப்பந்ததாரரும் நடத்துவார்கள். கணக்குத் தணிக்கையில் ஆட்சேபம் (தணிக்கைத் தடை) வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் தலைவராக இருப்பார்.

கேட்டவர் குறிப்பிட்ட இரண்டாமவருக்கு, எல்லாரையும் கேட்டும் ஒன்றும் நகராத அந்தத் தலைவருக்கு, வருகிறேன். அவர் செய்த தவறு கேட்டது அல்ல. கேட்டதை முடித்து வைக்காதது. ஒரே பொருளை மூன்று கூட்டங்களுக்கு ஒத்திவைத்தால், எதிர்ப்பவர் ஒவ்வொரு முறையும் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு வருவார். கூட்டப்பொருளை உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். அவசரப் பணி நீங்கலாக, பொருளில் இல்லாததைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். எல்லாரும் பேசிய பின் வாக்குக்கு விட்டு, பெரும்பான்மை முடிவையும் மறுத்தவரின் பெயரையும் அவர் சொன்ன காரணத்தையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதுங்கள். தம் மறுப்பு பதிவாகிவிட்டது என்று அறிந்த உறுப்பினர் வேலையைத் தடுக்கத் தெருவுக்கு வருவது அரிது. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்ததையும், விருப்பப்படி செலவிட எஞ்சியது 40 விழுக்காடே என்பதையும் பல உறுப்பினர்கள் அறியாமலே சண்டையிட்டார்கள். எனவே அடுத்து வரும் மானியங்களிலும் எது குறிப்பிட்ட பணிக்கென்று கட்டுப்படுத்தப்பட்ட பணம், எது விருப்பப்படி செலவிடக்கூடிய பணம் என்பதை முதல் கூட்டத்திலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். கேட்க முடிந்தது எவ்வளவு என்று தெரிந்தால் கேட்பவர்களின் குரலும் மாறும்.

நீங்கள் வென்றால், பதவியேற்ற வாரத்தில் முதலில் பார்க்க வேண்டியவர் துணைத்தலைவர். அவர் உங்களுக்கு எதிராக வேலை செய்தவராக இருந்தாலும் அவர் வீட்டுக்கு நீங்களே போங்கள். மின்கட்டணம், டேங்க் ஆபரேட்டர் சம்பளம், தூய்மைக் காவலர் ஊதியம் ஆகிய மூன்றையும் எந்தச் சண்டையிலும் நிறுத்துவதில்லை என்று இருவரும் முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். மற்ற எதில் கருத்து மாறுபட்டாலும், காலையில் குழாயைத் திறக்கும் பெண்ணுக்கு அந்தச் சண்டை தெரிய வேண்டியதில்லை.